காவலூரும் கழிவுநீர்த் தொட்டியும்

ஜவ்வாது மலையில் ஆலங்காயம் பக்கமாக ஏறினால், கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1972 ஜூன் 7 அன்று அங்கே புதிதாக நிறுவப்பட்டிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கி, வியாழனின் நிலவுகளில் மிகப் பெரியதான கனிமீடைக் கண்காணித்தது. கனிமீடு தன் வழியில் ஒரு விண்மீனை மறைத்துக்கொண்டு நகரப்போகிறது என்று முன்கூட்டியே கணித்திருந்தார்கள். காற்றே இல்லாத உருண்டை என்றால் விண்மீன் சட்டென்று மறைய வேண்டும். காற்று சூழ்ந்திருந்தால் ஒளி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துதான் மறையும். காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் எடுத்த பதிவுகளில் ஒளி தேய்ந்து மறைந்தது. அறுபது கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு நிலவில் வாயுப் படலம் இருப்பதற்கான தடயம் அப்படித்தான் கிடைத்தது.

அன்று கணக்கிட்ட அளவு நிலைக்கவில்லை. 1979-இல் வாயேஜர் 1 விண்கலம் அருகே போய்ப் பார்த்தபோது, அந்தக் காற்று அதைவிடப் பல மடங்கு மெலிது என்று தெரிந்தது. 1990-களில் ஹபிள் தொலைநோக்கி அங்கே ஆக்சிஜனின் சுவடைக் கண்டது. வாயு இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, ஒரு கருவி சொல்வதை இன்னொரு கருவி ஒப்புக்கொள்கிறதா என்ற கேள்விகள் மலை மேலே அறிவியல் கேள்விகள். அதே மலையின் வடக்கே பாலாற்றங்கரையில், வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் உள்ள தோல் தொழிற்சாலைகளில், அவை உயிர் சம்பந்தப்பட்ட கேள்விகள். அங்கே அவற்றுக்குப் பதில் சொல்ல வேண்டியது, தூணில் திருகி வைத்த, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பெட்டி. நிலையாகப் பொருத்தப்பட்ட கேஸ் டிடெக்டர் என்பது அதுதான்.

முதலில் ஒளியின் வழியைப் பார்ப்போம். ஒவ்வொரு வாயுவும் ஒளியில் தனக்கென்று சில அலைநீளங்களை மட்டும் விழுங்கும், அல்லது உமிழும். 1868 ஆகஸ்ட் 18 அன்று நடந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க ஆந்திரக் கடலோரம் வானியலாளர்கள் திரண்டார்கள். பிரான்ஸிலிருந்து வந்த ஜான்சென் குண்டூரில் இருந்தார். மதராஸ் வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். அந்தக் காலத்து நிறமாலைகளில் தெரிந்த ஒரு மஞ்சள் கோடு, சோடியத்துடையது அல்ல என்று பிறகு உறுதியானது. ஹீலியம் என்று பெயரிடப்பட்ட அந்த வாயுவைப் பூமியில் பிரித்தெடுக்க 1895 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு வாயுவைத் தொடாமல், முகராமல், பல கோடி கிலோமீட்டர் தள்ளி நின்று ஆள் அடையாளம் சொல்ல முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. அந்த மதராஸ் வானாய்வகத்தின் வழித்தோன்றல்தான் காவலூரை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனம்.

மீத்தேனும் எல்பிஜியும் கையாளும் ஆலைகளில் வைக்கும் அகச்சிவப்பு டிடெக்டர் இதே வேலையைத்தான் செய்கிறது. மீத்தேன் மூலக்கூறு சுமார் 3.3 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை ஆவலோடு விழுங்கும். பெட்டிக்குள் ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் ஒளியை அளக்கும் கண், இடையில் வெளிக்காற்று புகுந்து போக ஒரு சந்து. 3.3 மைக்ரான் ஒளி குறைந்தால் மீத்தேன் வந்திருக்கிறது. ஆனால் ஒளி குறைய வேறு காரணங்களும் உண்டு: கண்ணாடியில் தூசி படியலாம், பனி மூடலாம், விளக்கே மங்கலாம். அதனால் மீத்தேன் தொடாத வேறொரு அலைநீளத்தையும் அதே பெட்டி அளக்கிறது. இரண்டும் சேர்ந்து குறைந்தால் அழுக்கு. ஒன்று மட்டும் குறைந்தால் வாயு. காவலூரில் விண்மீன் ஒளியைப் பிரிப்பவர்களுக்கும் இந்தத் தலைவலி உண்டு. பூமியின் காற்றிலுள்ள ஆக்சிஜனும் நீராவியும் ஒவ்வொரு விண்மீனின் நிறமாலையிலும் தங்கள் கோடுகளைப் பதித்துவிடும். அவற்றைக் கழித்த பிறகுதான் விண்மீன் சொல்வது காதில் விழும்.

திறந்த வெளிகளில் இந்தக் கருவியையே நீட்டி வைப்பதும் உண்டு. ஒரு கம்பத்தில் விளக்கு, நூறு மீட்டர் தள்ளி இன்னொரு கம்பத்தில் கண். அந்தக் கோட்டை வாயு மேகம் எங்கே கடந்தாலும் தெரிந்துவிடும். ஆனால் ஹைட்ரஜன் போன்ற வாயுவை அகச்சிவப்பால் பிடிக்க முடியாது. இரண்டு ஒரே மாதிரி அணுக்கள் சேர்ந்த மூலக்கூறு அந்த ஒளியைக் கண்டுகொள்வதே இல்லை.

தீப்பற்றும் வாயுக்களுக்குப் பழைய முறை ஒன்றும் இருக்கிறது, இன்றும் பரவலாகப் புழங்குகிறது. மெல்லிய பிளாட்டினக் கம்பிச் சுருளின் மேல் வினையூக்கி பூசிய ஒரு மணி; அது சுமார் 500 டிகிரி சூட்டில் இருக்கும். எரியும் வாயு அதைத் தொட்டால் அதன் மேற்பரப்பிலேயே எரிந்து சூட்டைக் கூட்டும். சூடு கூடினால் கம்பியின் மின்தடை மாறும். பக்கத்தில் வினையூக்கி இல்லாத இன்னொரு மணி இருப்பதால், வெயிலால் ஏறிய சூடா வாயுவால் ஏறிய சூடா என்று பிரித்துவிடலாம். எளிமையான, மலிவான முறை. ஆனால் சிலிக்கோன் ஆவி பட்டால் அந்த வினையூக்கி செத்துவிடும். கந்தகச் சேர்மங்களும் அதை மந்தமாக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, எரிய ஆக்சிஜன் வேண்டும் என்பது. வாயு அளவுக்கு மீறிச் சேர்ந்து காற்றைத் தள்ளிவிட்ட இடத்தில், இந்தக் கருவி குறைந்த அளவைக் காட்டும். அபாயம் உச்சத்தில் இருக்கும்போது முள் கீழே இறங்கும்.

இந்த டிடெக்டர்கள் வெடிக்கும் வரை காத்திருப்பதில்லை. மீத்தேன் காற்றில் 5 சதவீதம் சேர்ந்தால்தான் தீப்பற்றும். 15 சதவீதத்தைத் தாண்டினால் எரியத் தேவையான காற்று போதாது. கீழ் எல்லையான அந்த 5 சதவீதத்தையே நூறாக வைத்து, அதில் இருபதை எட்டும்போது முதல் மணியும் நாற்பதை எட்டும்போது இரண்டாவது மணியும் அடிக்கும்படி அமைப்பது பொதுவான வழக்கம். அதாவது காற்றில் மீத்தேன் 1 சதவீதம் சேர்ந்ததுமே ஆட்களுக்குத் தெரிந்துவிட வேண்டும்.

இனி பாலாற்றங்கரைக்கு இறங்குவோம். அங்கே ஆளைக் கொல்வது பெரும்பாலும் வெடிப்பு அல்ல, ஹைட்ரஜன் சல்ஃபைடு.

தோலிலிருந்து முடியைக் கழற்ற, சோடியம் சல்ஃபைடும் சுண்ணாம்பும் கலந்த நீரில் அதை ஊறவைக்கிறார்கள். சுண்ணாம்பு நீர் கடும் காரம். அந்தக் காரம் இருக்கும்வரை சல்ஃபைடு நீருக்குள்ளேயே கரைந்து அடங்கிக் கிடக்கும். அடுத்த கட்டங்களில், குரோம் ஏற்றுவதற்கு முன், தோலை அமிலத்தில் போடுகிறார்கள். இரண்டு கழிவுநீரும் ஒரே தொட்டியில் சந்தித்தால் காரம் முறிந்துவிடும். நீரின் பிஎச் 7-க்கு இறங்கும்போது, கரைந்திருக்கும் சல்ஃபைடில் ஏறக்குறையப் பாதி ஹைட்ரஜன் சல்ஃபைடாகிவிடும். இன்னும் இறங்கினால் மொத்தமும் வாயுவாக வெளியேறத் துடிக்கும். அமிலமே கலக்காவிட்டாலும், தேங்கிய சேற்றில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் சல்ஃபேட்டைத் தின்று இதே வாயுவை உண்டாக்குகின்றன. அது சேற்றுக்குள் குமிழிகளாகச் சிறைப்பட்டிருக்கும். தொட்டியைச் சுத்தம் செய்ய ஒருவர் இறங்கி மண்வெட்டியால் முதல் கொத்து கொத்தும்போது, அவர் காலடியிலிருந்தே அது கிளம்பும். இறங்கும்வரை சுத்தமாக இருந்த காற்று, வேலை தொடங்கியதும் விஷமாவது இதனால்தான்.

அதற்கு அழுகிய முட்டை நாற்றம் இருக்கிறதே, மூக்கே சொல்லிவிடாதா? இங்கேதான் மனித உடல் நம்மைக் கைவிடுகிறது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்கு வாயு என்பதை 1 பிபிஎம் என்பார்கள். அந்த ஒன்றில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே பலருக்கு இந்த நாற்றம் தெரியும். அவ்வளவு கூர்மையான மூக்கு, 100 பிபிஎம் அளவில் சில நிமிடங்களிலேயே மரத்துப்போகிறது. வாயு கூடும், நாற்றம் மறையும். உள்ளே இருப்பவர் காற்று தெளிந்துவிட்டது என்று நம்புவார். 500 பிபிஎம்முக்கு மேல் நிற்க முடியாமல் சரிந்துவிடுவார். ஆயிரத்தை நெருங்கினால் ஒன்றிரண்டு மூச்சே போதும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் உயிரணுக்களால் அதைப் பயன்படுத்த முடியாதபடி, சயனைடு தாக்கும் அதே நொதியை இந்த வாயுவும் முடக்குகிறது.

இந்த வாயுவுக்கு அகச்சிவப்பு முறை சரிவராது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அந்த ஒளியை மிகச் சொற்பமாகத்தான் விழுங்கும். பத்து பிபிஎம்மை அப்படிப் பிடிப்பது கடினம். எனவே வேதியியல் உதவிக்கு வருகிறது. ஒரு ரூபாய் நாணயத்தின் அகலமுள்ள சிறு குப்பிக்குள் கந்தக அமிலம், அதில் நனைந்த மூன்று மின்முனைகள். மேலே காற்றை விட்டு நீரைத் தடுக்கும் டெஃப்லான் சவ்வு. சவ்வு வழியே நுழையும் ஒவ்வொரு ஹைட்ரஜன் சல்ஃபைடு மூலக்கூறும் முதல் மின்முனையில் தண்ணீரோடு வினைபுரிந்து கந்தக அமிலமாகிறது, போகிற போக்கில் எட்டு எலக்ட்ரான்களை விட்டுவிடுகிறது. இரண்டாவது மின்முனையில் காற்றின் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு தண்ணீராகிறது. மூன்றாவது, முதல் மின்முனையின் மின்னழுத்தம் நகராமல் பார்த்துக்கொள்ளும் காவல். இடையில் ஓடும் மின்சாரத்தை அளந்தால் வாயுவின் அளவு தெரிந்துவிடும். 1 பிபிஎம்முக்கு வருவது ஏறக்குறைய ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவுதான். மூலக்கூறுகளை ஏறக்குறைய எண்ணிப் பார்க்கும் நுட்பம் இது. கொல்ல வந்த வாயு தன்னை அளப்பதற்கான மின்சாரத்தையும் தானே தருகிறது. இந்தக் குப்பியைப் பற்றி எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அந்த நுண்ணிய மின்சாரத்தைப் பெருக்கி, கட்டுப்பாட்டு அறைவரை இரண்டு கம்பிகளில் அனுப்ப வேண்டும். அதற்குத் தொழிற்சாலை உலகம் ஒரு மொழி வைத்திருக்கிறது: 4 முதல் 20 மில்லி ஆம்பியர். கருவியின் வீச்சு 0 முதல் 100 பிபிஎம் என்றால், சுத்தக் காற்றில் 4 மில்லி ஆம்பியர் ஓடும். 10 பிபிஎம்முக்கு 5.6. நூறுக்கு 20. சுத்தக் காற்றுக்கு ஏன் 0 வைக்கவில்லை என்பதில்தான் பொறியாளர்களின் புத்தி இருக்கிறது. கம்பியை எலி கடித்தாலும், இணைப்பு துருப்பிடித்தாலும் மின்சாரம் 0 ஆகும். அப்போது அறையில் இருப்பவருக்கு ‘வாயு இல்லை’ என்ற செய்தி போகாது, ‘கருவி பழுது’ என்ற செய்தி போகும். நான்கு என்பது, நான் உயிரோடு இருக்கிறேன், இங்கே வாயு இல்லை என்று சொல்லும் எண்.

ஆனாலும் இந்தப் புத்திசாலித்தனத்துக்கு ஒரு எல்லை உண்டு. கம்பி அறுந்தால் தெரியும். குப்பி செத்தால் தெரியாது. சுத்தக் காற்றில் மின்வேதிக் குப்பி தரும் மின்சாரம் 0. செத்துப்போன குப்பி தருவதும் 0. பெருக்கிச் சுற்று நன்றாக இருப்பதால் இரண்டுக்கும் அதே 4 மில்லி ஆம்பியர்தான் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். வேலூர், திருப்பத்தூர் கோடை வெயிலில் குப்பியின் அமிலநீர் வறண்டு உணர்திறன் குறையும். சவ்வில் எண்ணெயும் தூசியும் அடைத்தால் வாயு உள்ளே போகவே போகாது. இந்தக் குப்பிகளின் ஆயுளே பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகள்தான். ஆகவே அது உயிரோடு இருக்கிறதா என்று அறிய ஒரே வழி, அளவு தெரிந்த வாயுவைச் சிறு சிலிண்டரிலிருந்து அதன் முகத்தில் காட்டிப் பார்ப்பது. திரையில் எண் ஏற வேண்டும், மணி அடிக்க வேண்டும். ஏறும் எண் சரியான அளவில் நிற்கவில்லை என்றால் கேலிபரேஷன் செய்து அளவைச் சரிப்படுத்த வேண்டும், அல்லது குப்பியை மாற்ற வேண்டும். வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டு மறந்துபோன டிடெக்டர், டிடெக்டரே இல்லாததைவிட மோசம் என்பேன். அது தவறான தைரியம் தருகிறது.

எங்கே மாட்டுவது என்பதும் உயிர்ப் பிரச்சினைதான். ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றைவிடச் சுமார் 1.2 மடங்கு கனம். காற்றோட்டமில்லாத குழியில் அது தண்ணீரைப் போலப் பள்ளம் தேடித் தங்கும். ஆகவே தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குள், வாயு கசியக்கூடிய வால்வு, பம்பு, தொட்டி வாய் ஆகியவற்றின் அருகே வைப்பார்கள். ஐஸ் ஃபேக்டரிகளிலும் குளிர்பதனக் கிடங்குகளிலும் உள்ள அமோனியா காற்றைவிட இலேசு, அதற்குக் கூரையோரம். வீட்டுச் சமையலறைக்கும் இதே கணக்குத்தான். சிலிண்டரில் வரும் எல்பிஜி கனமானது, டிடெக்டர் தரையருகே இருக்க வேண்டும். குழாயில் வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன், அதற்கு மேலே வைக்க வேண்டும். மின்விசிறியும் வாசற்கதவும் காற்றை எந்தப் பக்கம் தள்ளுகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். வரைபடத்தில் சமதூரத்தில் புள்ளி வைத்து மாட்டுவது அழகாக இருக்கும், பயன்படாது.

ஒரே டிடெக்டர் கத்தியதற்காக ஆலை முழுவதையும் நிறுத்தினால், இரண்டாவது பொய் மணியிலேயே யாராவது அதன் வாயை அடைத்துவிடுவார்கள். அதனால் முக்கியமான இடங்களில் மூன்று டிடெக்டர்கள் வைத்து, அவற்றில் இரண்டு ஒப்புக்கொண்டால் வால்வை மூடு, பம்பை நிறுத்து, காற்றாடியை முழு வேகத்தில் ஓட்டு என்று ஏற்பாடு செய்கிறார்கள். காவலூர் சொன்னதை லெம்பாங்கிலும் வாயேஜரிலும் சரிபார்த்தது போன்ற ஏற்பாடுதான். இங்கே அதற்கு ஏழு ஆண்டு அவகாசம் கிடையாது, சில நொடிகள்தான்.

கருவி இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவைவிடக் கசப்பான பாடம் எந்த நாட்டுக்கும் கிடைக்கவில்லை. 1984 டிசம்பர் 2 இரவு போபால் யூனியன் கார்பைடு ஆலையில், மீதைல் ஐசோசயனேட் கசிவைத் தொழிலாளர்கள் உணர்ந்தது தங்கள் கண் எரிச்சலால். தேநீர் இடைவேளைக்குப் பிறகு கவனிக்கலாம் என்று அதைத் தள்ளிப்போட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். கருவி இருந்தும் மணி ஊருக்குக் கேட்காவிட்டால் பயனில்லை என்பதை 2020 மே 7 விடியற்காலை விசாகப்பட்டினம் காட்டியது. எல்ஜி பாலிமர்ஸ் ஆலையிலிருந்து ஸ்டைரீன் பரவி 12 பேர் இறந்தபோது, மக்களை எழுப்பியிருக்க வேண்டிய சைரன் ஒலிக்கவில்லை. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோதும், பெரியகுப்பம் மக்களை எழுப்பியது அவர்களுடைய மூக்கும் மூச்சுத்திணறலும்தான்.

பாலாற்றங்கரைத் தோல் ஆலைகளின் கழிவுநீர் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் தந்த தீர்ப்பு நாடறிந்தது. மாசு செய்தவரே விலை தர வேண்டும் என்ற கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கிய தீர்ப்பு அது. வானிடெக், ஆம்பூர்டெக், ரானிடெக் என்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இப்பகுதியில் இயங்குகின்றன. ஆற்றைக் காக்க இத்தனை பேசிய நாம், அந்தக் கழிவுநீர் போய்ச் சேரும் தொட்டிக்குள் இறங்குபவரின் மூச்சைப் பற்றி அதில் பாதியாவது பேசியிருக்க வேண்டும். சட்டம் பேசாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36-ஆம் பிரிவிலேயே, விஷவாயு இருக்கக்கூடிய தொட்டிக்குள் ஒருவர் நுழைய, தகுதியுள்ளவர் சோதித்து எழுத்தில் சான்று தந்திருக்க வேண்டும், இல்லையேல் சுவாசக் கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்று எழுதிவைத்தது. ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு எட்டு மணி நேரச் சராசரி 10 பிபிஎம், சிறிது நேரத்துக்கு மட்டும் 15 என்று அதன் அட்டவணை எல்லை வகுத்தது.

தொட்டி வாயில் பொருத்திய டிடெக்டர், அடியில் இருக்கும் காற்றுக்குச் சாட்சி அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். உள்ளே போகும் முன் கையடக்கக் கருவியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என்று இறக்கிப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் இறங்கக் கூடாது. சேற்றைக் கிளறும்போது வாயு கிளம்பும் என்பதால், வேலை முடியும்வரை கருவி இறங்கியவர் சட்டையிலேயே இருக்க வேண்டும். ஆள் இறங்காமல் பம்பாலும் நீர்ப்பாய்ச்சலாலும் முடிகிற வேலைக்கு ஆளை இறக்கவே கூடாது.

ஆலை நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் டிடெக்டர்களின் மேல் ஒட்டியிருக்கும் அடுத்த கேலிபரேஷன் தேதியை இன்றைக்கே போய்ப் பாருங்கள். தேதி கடந்திருந்தால் அந்த இடத்தில் கருவி இல்லை என்றே எண்ணி வேலையை நிறுத்துங்கள். தொட்டியருகே வேலை செய்பவர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் இன்னொன்று. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால், அவர் அண்ணனாக இருந்தாலும் மகனாக இருந்தாலும், மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு பின்னால் இறங்காதீர்கள். துணி இந்த வாயுவைத் தடுக்காது. ஒருவர் பின் ஒருவராகக் காப்பாற்ற இறங்கியவர்கள் இறந்த செய்திகளை நாம் போதுமான அளவு படித்துவிட்டோம். சுவாசக் கருவியோடு வரும் தீயணைப்புத் துறையை 101 அல்லது 112-இல் அழையுங்கள், வெளியிலிருந்து காற்றை உள்ளே செலுத்துங்கள், கயிறு கட்டியிருந்தால் இழுங்கள்.